என்ற வண்டிக்கு ஊத்துன ஆயில்

என்ற வண்டிய என்னையத் தவிர யாரையும் தொட உட்டதில்லைங்க. ஒரே ஒருக்கா உட்டேன், அதுவும் கட்டுன புருசனை. அதுக்குத்தான் இப்பத் தோளெலும்பு ஒடஞ்சு, வலது கையக் கழுத்துல தொங்க உட்டுக்கிட்டு நல்லூர் ஊட்டுல குந்தியிருக்கறேன்.

கண்ணாலம் பேச வந்தன்னிக்கே சொல்லிப்போட்டேன், நான் மண்ணு மேட்டுல குதிச்சு ஓட்டற டர்ட் பைக் ரேஸ்காரி, வண்டியும் என்னோடதான் வரும்னு. என்னையக் கட்டிக்க வந்த அர்த்தநாரி மாமா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனாரு. ஊட்டுக்குக் கீழயே பனியன் துணி பின்னற நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டறவரு. நல்ல மனுசன்னு நம்புனேன்.

இந்த வருசம் காங்கேயத்துப் பக்கம் ரேஸ். மொதல்ல வர்ற பொண்ணக் கோயமுத்தூர் டீம் ஒண்ணு சேத்துக்கறதா இருந்துச்சு. போன வருசம் ரெண்டாவதா வந்தவ நானு. டீமுல சேந்துட்டா, செக்கிங் டேபிள்ள நின்னு பனியன்ல ஓட்டை தேடற பொளப்ப உட்டுப்போடலாம். அது ஒண்ணுதானுங்க எனக்கு ஆசை.

ரேசுக்கு மொத நாளு கம்பெனில ஷிப்மென்ட், லீவு கெடைக்கல. முன்சக்கரத்தத் தாங்கற ஃபோர்க்குக் கொழாயில ஆயில் மாத்தியே ஆகணும். அது சரியா இருந்தாத்தான் மேட்டுல குதிச்சு எறங்கறப்ப முன்சக்கரம் கைக்கு அடங்கும். "நீ போ அம்மிணி, நான் மாத்தி வெக்கறேன்"னாரு மாமா. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. சாயங்காலம் நாட்டுக்கோழி வாங்கிட்டு வந்து கொழம்பு வெச்சுப் போட்டேன், கூறு கெட்டவ.

ரேஸ் அன்னிக்கு ஹேண்டில அமுக்கிப் பாத்தேன். கொஞ்சம் தொளதொளன்னுதான் இருந்துச்சு. மாமா கைபட்டத சந்தேகப்பட மனசு வரல. பெரிய மேட்டுல குதிச்சேன். ஃபோர்க்கு ஒரே அமுக்கா அடி வரைக்கும் போயி, போன வேகத்துல எகிறி என்னையத் தூக்கி எறிஞ்சுது. பின்னாடி வந்தவ ஜெயிச்சா. டீமும் அவளையே சேத்துக்கிச்சு.

அதுக்கப்பறம் மாமா பண்ணுன பணிவிடையக் கேக்கோணுமே. தலை சீவி உட்டாரு, சோறு ஊட்டி உட்டாரு. மாமியாக்காரி வள்ளியாத்தாளுக்குப் பெருமை தாங்கல. இப்படி ஒரு புருசன் யாருக்கு வாய்க்கும்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. எனக்கே கண்ணு கலங்குச்சுன்னா பாத்துக்குங்க.

ஆனா உழுந்தது என்ற தப்பா, வண்டி தப்பான்னு மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நேத்து மத்தியானம் அவரு சோறு போட உள்ள போனப்ப, வண்டிக்கடியில ஒரு கிண்ணத்த வெச்சு, இடது கையால ஃபோர்க்குக்கு அடியில இருக்கற ஸ்க்ரூவக் கழட்டுனேன். நான் வாங்கி வெச்சது கெட்டியான செவப்பு ஆயில். ஒழுகுனது தண்ணியாட்ட இருந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுது, கீழ நிட்டிங் மெஷின் ஊசிக்கு ஊத்தற ஆயில். துணியில பட்டாத் தொவச்சாப் போயிரும், அவ்வளவு மெலிசு. தெரியாம ஊத்தியிருப்பாரான்னா, வெரல்ல தொட்டே இது இன்ன ஆயில்னு சொல்ற ஆளு அவரு.

சோத்துத் தட்டோட வந்தவரு கிண்ணத்துல இருந்த ஆயிலப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு.

"எந்த ஆயிலா இருந்தா என்னன்னு..."

"பொய் சொல்லாதீங்க மாமா. உங்க மெஷினுக்கு என்ற ஆயில ஊத்துவீங்களா?"

"அதெப்படி ஊத்தறது? ஊசி ஒடஞ்சிரும்ல."

டக்குனு வந்துச்சு பதிலு. அப்பறந்தான் என்ன சொன்னோம்னு அவருக்கே ஒறைச்சுது.

"வண்டி லேசா ஆடுனா நீயே பயந்து ரேச உட்டுருவேன்னு நெனச்சேன் சித்ரா. இப்படி உழுவேன்னு சத்தியமா நெனைக்கல"ன்னு அழுதாரு. "போனது போகட்டும். இனி ஊட்டோட இருந்துக்க, நான் பாத்துக்கறேன்"னு கண்ணத் தொடச்சுக்கிட்டு, சோத்த உருட்டி என்ற வாய்கிட்ட நீட்டுனாரு.

"தட்டக் கீழ வெச்சுட்டுப் போங்க, எனக்கு இன்னொரு கை இருக்குது"ன்னேன்.

போனாரு. நான் இடது கையாலயே அள்ளித் தின்னேன். ஒவ்வொரு வாயையும் மோந்து பாத்துட்டுத்தான் தின்னேன்.