இரவல் சாம்பிள்

கருங்குழியிலிருந்து வந்த ஷஹர்பானு மூன்றாவது தடவையாக நீட்டிய தகர டப்பாவைத் திறந்ததும்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. நாலு மாதமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பேதியாகிற ஆறு வயதுப் பெண்ணின் மலம் இத்தனை கெட்டியாக எப்படி இருக்கும்? முந்தைய இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதை நம்பி டாக்டர் ஏசுபாதம், குடல் காசமாக இருக்கும் என்று பட்டணத்துக்குச் சீட்டு எழுதிவிட்டார். போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்க்கத்தான் இந்த டப்பா. செங்கல்பட்டிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ரயில். ஐம்பத்தாறாம் வருஷம் அது. காச ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாதக்கணக்கில் பிள்ளையிடம் தாயை விடமாட்டார்கள். மணி அப்போதே பதினொன்று.

“இது யாருதும்மா?” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “கோச்சுக்காத சார். எம் பொண்ணுது தண்ணியா, ஒரே நாத்தம். பெரிய டாக்டர் பாக்கறதுக்கு அத்தயா குடுக்கறது? பக்கத்து வூட்டு முனியம்மா புள்ளது நல்லா கீது. அதான்...”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் நல்ல தட்டு இரவல் வாங்குகிற மாதிரி வாங்கி வந்திருக்கிறாள்!

“நாத்தந்தாம்மா எனக்கு வேணும்! ஓடு!”

வராந்தாவில் சுருண்டு கிடந்த மகள் ஜஹனாராவிடமிருந்து பத்தே நிமிடத்தில் சூடாக வந்தது. கண்ணாடிச் சில்லில் ஒரு பொட்டு தடவி, ஜன்னல் வெயிலைப் பிடித்துப் பார்த்தேன். அப்பா! பேரிக்காய் வடிவத்தில், இரண்டு கண் வைத்த ஒரு முகம் உருண்டு உருண்டு நீந்தியது. பக்கத்தில் இன்னொன்று. பத்து, இருபது! ஜியார்டியா பூச்சி! முக்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தியே விட்டேன். இதற்கு மலேரியாவுக்குக் கொடுக்கிற மஞ்சள் மாத்திரை ஒரு வாரம் போதும்.

ஷஹர்பானுவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தவள் அதனோடேயே சண்டைக்குப் போனாள். “அடப்பாவி, நாலு மாசமா எம் பொண்ணு சோத்த துன்னுகினு இருந்தவன் நீதானா?”

டாக்டரோ தன் கண்ணால் பார்க்காமல் சீட்டை மாற்றுகிறவரில்லை. வார்டிலிருந்து அவர் வந்து குனிவதற்குள் சில்லு காய்ந்து, அசைவு நின்றுவிட்டது. சூடு ஆறினால் பூச்சி நீந்தாது; டப்பாவில் மிச்சமிருந்ததும் ஆறிப்போயிருந்தது.

“எனக்கு ஒண்ணுமே தெரியலையேப்பா,” என்றார். மணி பதினொன்று நாற்பது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வராந்தாவிலிருந்து ஜஹனாரா கூப்பிட்டாள். “ம்மா, மறுபடியும் வருது!”

ஷஹர்பானு பாய்ந்து ஓடினாள். சற்று நேரத்தில், ஓ.பி. சீட்டுக்கு நின்றிருந்த கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது. முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், மூடியில்லாத டப்பாவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவள் வந்துகொண்டிருந்தாள்.

“வழி வுடுங்க! எம் பொண்ணுது! சூடா கீது, வழி வுடுங்க!”