நீல நூல் கட்டிய பொட்டலம்

நாகரிகம் பிறந்தது மேஜையில், இலையில் அல்ல. எவேலியோ மொன்காயோவின் வாழ்நாள் கொள்கை இது. பல்மீராவில் தன் வீட்டுக் கூடத்தில் நின்று அவர் இதை அறிவித்தபோது இடுப்பில் துண்டு மட்டும்தான் இருந்தது. கால்சட்டை மனைவி நூபியாவின் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

"உங்க நாகரிகத்துக்கு மடிப்பு வெச்சாச்சு. போட்டுக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள் நூபியா.

சமையலறையிலிருந்து தணலில் வாட்டிய வாழையிலை வாசம் வந்தது. அவள் விடியற்காலையிலேயே எழுந்து ஐந்து பொட்டலம் கட்டியிருந்தாள். சோறு, கோழி, பன்றிக்கறி, மரவள்ளி, முட்டை, எல்லாம் ஒரே இலைக்குள். நான்கைச் சணலால் கட்டியிருந்தாள். ஐந்தாவதற்கு நீல நூல். அது எவேலியோவுடையது. மார்ச் மாதம் டாக்டர் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்ததிலிருந்து அவர் சாப்பாட்டில் உப்பும் இல்லை, பன்றிக்கறியும் இல்லை.

"போபயானுக்குப் போறோம், நூபியா. நானூறு வருஷத்து ஊரு. அங்க போய் இலையைப் பிரிச்சு உக்காந்தா சம்பந்தியம்மா என்ன நினைப்பாங்க?"

"பசிக்குதுன்னு நினைப்பாங்க."

சம்பந்தியம்மா என்ன நினைப்பார் என்பதுதான் அந்தச் சனி, ஞாயிறின் ஒரே கேள்வி. ஜூன் மாதம் மகள் யமிலேவுக்கும் தோன்யா எர்சிலியாவின் மகன் வில்மருக்கும் கல்யாணம். மண்டபம் பிடித்தவர் தோன்யா எர்சிலியா. ஆகவே விருந்தில் எழுந்து வாழ்த்துரை சொல்லப்போவது யார் என்பதும் அவர் முடிவு. தன் தம்பி பேசினால் நன்றாயிருக்கும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். தம்பி பல் டாக்டர். எவேலியோ நகராட்சியில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். வாழ்த்துரையைத் தானே சொல்ல வேண்டுமென்று பதினொரு பக்கம் எழுதித் தயாராக வைத்திருந்தார். தம் பூர்விக மாளிகையை ஒருமுறை காட்டிவிட்டால் பல் டாக்டர் தானாகவே உதிர்ந்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

போபயானில் ஐவரும் போய் இறங்கிய மாளிகை வெள்ளையாக, கதவுக்கு மேல் கல் சிங்கத்தோடு இருந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா வாழ்ந்த வீடு, சம்பந்தியம்மா," என்றார் எவேலியோ, தொப்பியைக் கழற்றி.

"அப்படியா! எந்த அறையில?"

எவேலியோ தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லா அறையிலயும்தான்."

உள்ளே போக ஐந்து பேருக்கும் சீட்டு வாங்கச் சொன்னான் காவலாளி. கொள்ளுப்பேரனுக்குச் சலுகை எதுவும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எவேலியோ ஒரு பழைய வீட்டு உணவகத்தில் முன்னாடியே சொல்லி வைத்திருந்தார். மேஜையில் மெழுகுவர்த்தி எரிந்தது, வெள்ளைக் கையுறை போட்டவர் பரிமாறினார். தொப்பி அகலத் தட்டு வந்தது. அதன் நடுவில் தீப்பெட்டி அளவு மீன் துண்டு, பக்கத்தில் பச்சையாக மூன்று சொட்டு. வில்மர் தட்டைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

"பெரிய குடும்பங்கள்ல வயிறு முட்டத் திங்கிற பழக்கம் கிடையாது," என்று விளக்கினார் எவேலியோ.

"அதான் அந்த வம்சமெல்லாம் நெலைக்கல போல," என்றாள் நூபியா.

வெளியே வந்ததும் பெண்கள் தேவாலயம் பார்க்கப் போனார்கள். எவேலியோவுக்குப் பசியில் தலை லேசாகச் சுற்றியது.

"கார் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வரேன்."

"பூட்டிட்டேன், மாமா," என்றான் வில்மர்.

"நான் பாக்கணும். சாவியைக் குடு."

காரின் பின்சீட்டில் கூடை இருந்தது. நீல நூல் கட்டியது மேலேயே கிடந்தது. அதை அவர் ஒதுக்கி வைத்தார். இரண்டு மாதமாக அந்த ருசியை அவர் அறிவார். அதில் ருசி என்று எதுவும் இல்லை. சணல் கட்டியவற்றில் கனமானதாக ஒன்றை எடுத்தார். பன்றிக்கறியின் கொழுப்பு சோற்றில் இறங்கி, இலை வாசத்தோடு நாக்கில் பட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொள்கைகள் எல்லாம் சிறிது நேரம் வெளியே காத்திருந்தன. இலையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். சணலைச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நூபியாவின் வீட்டில் சணலை யாரும் தூக்கி எறிந்தது கிடையாது. முப்பது வருடப் பழக்கம் கையை விடாது.

மாலை ஐவரும் ஊருக்குப் பக்கத்துக் குன்றின் மேல் புல்லில் உட்கார்ந்தார்கள். கீழே கூரைகள் சிவந்தன. எவேலியோ வாழ்த்துரையின் முதல் பக்கத்தை மெல்ல எடுத்தார். அதற்குள் தோன்யா எர்சிலியா,

"நூபியா, மானத்தை விட்டுக் கேக்கறேன். காலையில வண்டியில ஒரு வாசனை வந்துச்சே, அது இன்னும் இருக்கா?" என்றார்.

நூபியா கூடையைத் திறந்து வைத்துவிட்டு, திரும்பி ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள்.

"எனக்கு வேண்டாம். என் கொள்கை தெரியுமில்ல," என்றார் எவேலியோ.

தோன்யா எர்சிலியா தானே ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஒரு வாய் மென்றார். இன்னும் மென்றார்.

"சம்பந்தி, உங்க ஊர்ல உப்புக்குத் தட்டுப்பாடா?"

நூபியா திரும்பினாள். "ஐயய்யோ, நீல நூலு! அது இவரோடது, பிரஷருக்காக!"

"இது மட்டும் கலர் நூலா இருக்கவும், விருந்தாளிக்குன்னு தனியா கட்டியிருக்கேன்னு நெனச்சேன்."

"உங்களுதுலதான் பெரிய கறித்துண்டா வெச்சேன். சணல் கட்டினது நாலு…" நூபியா கூடைக்குள் பார்த்தாள். இரண்டு முறை எண்ணினாள். "மூணுதான் இருக்கு."

யமிலேதான் முதலில் கவனித்தாள்.

"அப்பா, கோட்டுப் பையில தொங்குறது என்ன?"

எவேலியோ குனிந்து பார்த்தார். வாழ்த்துரையை எடுத்தபோது சணலும் கூடவே வெளியே வந்திருந்தது.

"கெட்டுப் போயிருக்கான்னு பாத்தேன். விருந்தாளிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது பாக்கணுமில்ல?"

"கடைசி வாய் வரைக்கும் பாத்தீங்களா?" என்றார் தோன்யா எர்சிலியா.

நூபியா தன் பொட்டலத்தைச் சம்பந்தியிடம் கொடுத்தாள். அவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் எதற்கோ வெகுநேரம் சிரித்தார்கள். எவேலியோ ஊரின் கட்டடக் கலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. வாழ்த்துரையைப் பல் டாக்டர் சொன்னார், நான்கு நிமிடம். விருந்தில் எவேலியோவின் தட்டு மட்டும் தனியாக வந்தது. ஓரத்தில் நீல நூல் கட்டியிருந்தது. அதில் உப்பு இல்லை.