தோலுக்கு ஒரு ஏர்பிரஷ்

சென்றாயனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஓசூரில் பெயிண்ட் சாமான் கடை வைத்திருக்கும் ராமப்பன், காற்றால் மை ஊதுகிற ஏர்பிரஷ் இரண்டை நீட்டி, வீட்டில் அடித்துப் பார், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை நாளைக்குக் கொண்டுவா என்றபோதும், இவன் ஏன் இவ்வளவு இளகுகிறான் என்றுதான் தோன்றியது.

இருபத்திரண்டு வருஷம் ஸ்கூட்டர் டேங்குக்கு ஸ்பிரே அடித்தவன் சென்றாயன். போன ஆடியில் இருமலைக் காரணம் காட்டிக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து பெண்டாட்டி முனிலட்சுமி ஒரு கேன்டீனில் அண்டா தேய்க்கிறாள். பங்குனித் தேருக்கு மலையடிவாரத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தாமல், தோலுக்கென்று விற்கிற மையை ஊதிப் பச்சை போடலாம் என்று கிளம்பியிருக்கிறான். நாலு நாளில் அழிந்துபோகிற பச்சை. பெங்களூரில் அதற்குக் கூட்டம் நிற்பதைப் பார்த்திருந்தான். இது ஓடினால் ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகலாம். அவள் அண்டாவை விட்டுவிடலாம். தேருக்கு மூன்று நாள்தான் இருந்தது.

தோலில் வைத்து ஊதத் தேள் உருவமும் மயில் உருவமும் வெட்டியாயிற்று. ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே பிலிம்தான் அச்சு.

பஞ்சர் கடையில் இரவல் வாங்கிய சின்ன கம்ப்ரஸரை வாசலில் வைத்தான். ஒரு ஏர்பிரஷ்ஷுக்கு மை பாட்டில் அடியில் தொங்கியது. கம்பெனி ஸ்பிரே கன் மாதிரிக் கனம். அழுத்தினால் காற்றும் மையும் சேர்ந்தே வரும். இன்னொன்று பேனா கனம், தலைமேல் ஒரு கிண்ணம். அழுத்தினால் காற்று மட்டும்; விரலைப் பின்னால் இழுத்தால்தான் மை. அந்த நெளிவு அவன் விரலுக்கு வரவில்லை. சனியன் என்று கீழே வைத்தான்.

பாட்டில் வைத்ததை எடுத்தான். காற்றைக் குறைத்தால் மை மேலேறாமல் துப்பியது. கம்ப்ரஸரின் காற்றழுத்த முள்ளை நாற்பதுக்கு ஏற்றித் தன் முன்கையில் தேளை அடித்தான். அச்சு அசலாக விழுந்தது. எரிச்சலே இல்லை. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டான்.

கேன்டீனிலிருந்து வந்த முனிலட்சுமி எரியவில்லையா என்று கேட்டாள்.

"ஒன்னும் தெரியல மே."

"உன் கைக்கு என்னாய்யா தெரியும்? தின்னர்ல கழுவிக் கழுவிச் செத்த கை. போன வாரம் தோசக்கல்லத் தொட்டுட்டு சுடலியேன்னு நின்ன."

அதை அவன் யோசிக்கவே இல்லை. கம்பெனியில் எல்லாருக்கும் அப்படித்தான். அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். மயிலை வைத்து அடித்தான்.

"நல்லாத்தான் இருக்குது. ஒன்னும் பண்ணல" என்றாள்.

அவன் அவள் காலைப் பார்த்தான். விரல்கள் மடங்கி மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தன. மையைத் துடைத்தால் தோல் சிவந்து கிடந்தது.

"ஏம்மே பொய் சொல்ற?"

"உனக்குப் புடிச்சிருக்குது. மூணு நாளுல இன்னொன்ன எப்பப் பழகுவ?"

"கொழந்த கையில இத ஊதினா அவங்கப்பன் என்னத் தேர்ச் சக்கரத்துல கட்டிடுவான்."

கிண்ணம் வைத்ததை மாட்டினான். மை தானாக இறங்கியதால் காற்று பதினைந்தே போதுமாக இருந்தது; தோலில் அறைகிற வேகம் இல்லை. அவளுடைய இன்னொரு கையில் அடித்தான். கால்விரல் அசையவில்லை. விரல் பிசகி மை அச்சுக்கடியில் வழிந்ததில் மயிலின் கழுத்துத்தான் கோணிப்போயிற்று.

"கோழியாட்டம் இருக்குது."

"கோழிதான்."

பாட்டில் வைத்ததைத் திருப்பிக் கொடுக்க டப்பாவில் போட்டு மூடினான். பழைய பேப்பரை விரித்தான். பேப்பர் எதற்கு, இதிலேயே பழகு என்று அவள் கையை எடுக்காமல் வைத்திருந்தாள். இருமலுக்கு நிறுத்தி, அழித்துவிட்டு, அழுத்தி, மெல்ல இழுத்து, இன்னொரு கோழி போட்டான். பிறகும் ஒன்று. நிமிர்ந்து பார்த்தபோது, கையை நீட்டியபடியே அவள் தூங்கிப்போயிருந்தாள்.