வரதராஜாவின் அமெரிக்க நீதிபதி

வரதராஜா அண்ணைக்கு ஓர் அமெரிக்க நீதிபதியைப் பிடித்த அளவுக்கு உயிரோடு இருக்கிற எவரையும் பிடித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவர். 1976இல் மெல்பேர்னில் ரயில்வே கந்தோரில் வேலை. எஸ்ரா விட்கோம்ப் என்ற அந்தப் பழைய ஆளைப் பற்றி நூலகத்தில் படித்துவிட்டு வந்து என் தலையில் கொட்டுவார்.

"கணேசலிங்கம், அவன் மாநிலச் சட்டசபைக்கு நிண்டு நிண்டு தோத்தவன். கடைசியா வெண்டு, ஞாயிறில சாராயம் விக்கக்கூடாதெண்டு சட்டம் கொண்டுவந்தான். பிறகு நீதிபதியா இருக்கேக்க முதல் ஆளாப் பிடிபட்டது ஆர்? சொந்தத் தமையன்! தூக்கி உள்ள போட்டிட்டான்!"

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர் என்ற பாவப்பட்ட பிறவி. நாலு மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கு வருகிற எங்கள் சனத்தைத் திருத்த அவரும் ஒரு சட்டம் போட்டார். கலைவிழாவன்று நாலு மணிக்குக் கதவு பூட்டப்படும். பிந்தியவர் மேடை ஏறவும் முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது.

அந்த விழாவில் அவர் மனைவி பவளம் அக்கா பாட இருந்தார். கலியாணத்துக்குப் பிறகு முதல் மேடை. மாதக்கணக்காகக் குசினியில் சமைத்துக்கொண்டே பாடிப் பழகினார். அண்ணையின் காது அமெரிக்காவில் இருந்தது.

விழாவன்று சனம் பயந்து நேரத்தோடு வந்து குந்திவிட்டது. நாலேகாலுக்கு ஓடிவந்தது தலைவரும் மனைவியும்தான். வாசலில் சாவியோடு நான்.

"என்ன அண்ணை, நீங்களே இப்பிடி?"

அக்கா பொரிந்தார். "நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டனாங்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி 'எங்க போறியள்' எண்டு கேட்டுப்போட்டாள். அப்பிடிக் கேட்டால் போற காரியம் சரிவராதாம். இவர் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தி, தண்ணி குடிக்க வச்சு, ஆற அமரக் கூட்டிவந்தவர். பெரிய சட்டத்தரணி!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவின் கண் நிறைந்திருந்ததைக் கண்டதும் அடங்கிவிட்டது.

"சொல்லுங்கோ. நான் பாடலாமோ, ஏலாதோ?" என்று கணவரைக் கேட்டார்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "பாடுறவ நேரத்துக்கு வெளிக்கிட்டவ. பிந்தப் பண்ணினது நான். கணேசலிங்கம், அவவை உள்ள விடும்."

"அப்ப நீங்கள்?"

"சட்டம் சட்டம்தான். நான் வெளியில நிக்கிறன்."

அக்காவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். மெல்பேர்னின் யூலைக் குளிர்காலத்தில் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு அவர் படியில் நின்றார். பாட்டுத் தொடங்கியது. அடேயப்பா, என்ன குரல்! குழந்தைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு கேட்டன. எனக்கு மனம் பொறுக்கவில்லை. கதவை மெல்லத் திறந்தேன்.

"வாங்கோ அண்ணை, ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

அவர் அசையவில்லை. கதவிடுக்கில் காதை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் என்ர வீட்டுக்குள்ள பாடினவள்," என்றார். "நான் ஒருநாளும் கேக்கேல்லையே, கணேசலிங்கம்."