முப்பதாயிரத்தோடு நின்ற கோடு

நீலத் திரையைப் பார்த்ததுமே கயல்விழி முகத்தைச் சுளித்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே வந்த, ப்ரோக்ராம் எழுதும் டர்போ சி. பீங்கான் ஃபியூஸ் சுடும் சூளையின் வெப்பத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறை படித்து, சூளை ஆறியதும் வரைபடம் போடும் பழைய கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுதான் ஒத்துவந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"பாரும்மா, பதினாறு மணி நேரத்துக்கு மேல கோடு அப்படியே படுத்திருக்குது," என்றார் மேனேஜர் ஜெயபிரகாஷ். "தீய எறக்காம வீரமுத்து தூங்கிட்டாரு. சரக்கெல்லாம் வெடிச்சிப் போச்சு. அடுத்த சூளையும் வெடிச்சா அவரு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"நான் தூங்கலம்மா," என்றார் வாசலில் நின்ற சூளைக்காரர் வீரமுத்து.

அவள் ப்ரோக்ராமைத் திறந்தாள். ஒரு சூளைக்கு முப்பத்தாறு மணி நேரம். அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு எண்கள். அவ்வளவு பெரிய வரிசையை, எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் அந்த கம்பைலர் ஒரே துண்டாக ஏற்காது. ப்ரோக்ராமை முன்பு எழுதிய யாரோ ஒரு மகராசன் அதை முப்பதாயிரமாக வெட்டிவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கடைசி எண்ணையே திரும்பத் திரும்ப வரைந்திருந்தான். த்தூ! இடம் போதவில்லை என்றால் போதவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அன்று மாலைக்குள் வரிசையை உடைத்தாள். மணிக்கு ஒரு துண்டு, ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் நினைவகத்தில் தனித்தனியாக இடம் கேட்டு வாங்கி, முப்பத்தாறின் முகவரிகளையும் ஒரு சின்னப் பட்டியலில் வைத்தாள். கம்பைலர் குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சூளைச் சரக்கும் வெடித்தது. ஆனால் இம்முறை கோடு படுக்கவில்லை. ஏறியது, நின்றது, ஒழுங்காக இறங்கியது, இருபத்தாறாம் மணியில் கயிறு அறுந்து விழுந்த வாளி மாதிரி கீழே போனது.

"சூளைக் கதவத் தொறந்தாதான் இப்படி விழும். அப்ப யாரு தொறந்தது?" என்றாள் கயல்விழி.

"சரக்கேத்த லாரி நிக்குதுன்னு சார்தாம்மா தொறக்கச் சொன்னாரு. சூடு ஆறாம தொறந்தா வெடிக்கும்னு எப்பவும் சொல்றேன், கேக்கறதில்ல," என்றார் வீரமுத்து.

ஜெயபிரகாஷ் கூசாமல் பல்லைக் காட்டினார். "இதெல்லாம் எதுக்கும்மா? பழசையே போட்டுடு. நல்லாத்தான ஓடிக்கிட்டு இருந்துது."

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. புது வரைபடத்துக்கு பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டது. அவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்ட, அவள் எழுந்து குறுக்கே நின்றாள்.

வீரமுத்து தாளைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மொதலாளியப் பாத்துட்டு வரேன் சார். சூளையப் பாத்துக்குங்க, கதவ மட்டும் தொறந்துடாதீங்க."