கிளிக்கு ஆகாத புகை

பறை முழங்கியதும் முருங்கை மரத்துக் கூண்டுக்குள் கிளி சிறகடித்து மோதிக்கொண்டது. மனைவியின் காலருகே உட்கார்ந்திருந்த எத்திராஜ் எழுந்து போய்க் கூண்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

சன்னலைத் திறந்தால் காற்றில் பாவு இழை அறும் என்று அவன் தறி அறையை எப்போதும் சாத்தியே வைத்திருப்பான். நெய்தபடியே பீடி பிடிப்பான். மனைவி இந்திராணி அங்கேயே உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றினாள். இருமலில் படுக்கையில் விழுந்த பிறகு அவள் கட்டிலும் அங்கேதான். மேலே கூண்டு. கிளியும் இருமத் தொடங்கியபோது வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தான்.

"எங்க வூட்டம்மா கிளிக்கு இருமக் கத்துக்குடுத்துகினு கீறா, பாரு."

அது தீனியை விட்டபோதுதான் கூண்டோடு புத்தூருக்கு பஸ் ஏறினான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் கிளியைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு அவன் சட்டையை மோந்தார். இது பார்த்துக் கற்ற இருமல் இல்லை, பீடிப் புகை நெஞ்சில் இறங்கியிருக்கிறது, வெளியே மாட்டு என்று தெலுங்கில் சொன்னார்.

அன்றே முருங்கையில் மாட்டினான்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் இந்திராணி, கட்டிலிலிருந்து.

"பொகை ஆவாதாம்."

"அதுக்காச்சும் நல்ல காத்து வரட்டும்."

அவன் சிரித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். ஒரே மாதத்தில் கிளியின் இருமல் நின்றது. இந்திராணியின் இருமல் இன்று விடியற்காலையில் நின்றது.

"மாமா, மோளத்துக்குப் பயந்துகினு கீது. உள்ள மாட்டிடு" என்றாள் அவள் தங்கை தாட்சாயணி. பங்குனியில் ஆந்திராவிலிருந்து பிரிந்து மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்ட திருத்தணியிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள்.

"உள்ள வேணா. பொகை அதுக்கு ஆவாது. டாக்டர் சொல்லிகீறாரு."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

தாட்சாயணி அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகத் தறியையும் அதை ஒட்டிக் கிடந்த கட்டிலையும் பார்த்தாள்.

"எப்போ சொன்னாரு?"

"ஆடியில."

அவள் குனிந்து, அக்காவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

பறை ஓய்ந்தது. கிளி அடங்கி, கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களருகே வந்தது. பீடிக் கறையில் மஞ்சளேறிய விரலைக் கொத்தப் போய், தலையைத் திருப்பிக்கொண்டு கூண்டின் மறுபக்கம் நகர்ந்தது.

எத்திராஜ் விரல்களை மடக்கிக்கொண்டான்.