கொக்கி பாலத்தின் நடுவே நடக்கிறாள்

“பாலத்து நடுவுலயே நடந்து போறேன்” என்றாள் அக்கா.

தம்பி அட்டைத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். “நடுவுலயா? அக்கரையில மூணு வில்லாளி நிக்கறாங்க. உனக்கு மிச்சம் இருக்கறது மூணே மூணு உயிர்ப்புள்ளி.”

“தெரியும்.”

“புதருக்குப் பின்னாடி சுரங்கப்பாதை இருக்குன்னு சொன்னேனே.”

“நாலு தடவ சொன்னே. வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர். லிஃப்ட் பழுதுபார்க்கிற தம்பிதான் கதைக்காரன். அவனுக்கு இடப்பக்கம் அவன் மனைவி, பல் மருத்துவமனையில் உதவியாளர். வலப்பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிற நண்பன். முகத்தில் ஒரு முடிகூட இல்லாததாலேயே அவனுக்கு மீசை என்று பெயர். எதிரே அக்கா.

இந்த ஆட்டத்தில் பலகை இல்லை, காய்களும் இல்லை. கதைக்காரன் ஓர் உலகத்தை வாயாலேயே கட்டி எழுப்புவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். ‘இதோ ஒரு பாலம், என்ன செய்யறீங்க?’ என்று அவன் கேட்பான். என்ன செய்வது என்பது ஆட்டக்காரர் இஷ்டம். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எதிரிகளுக்கான பகடையைக் கதைக்காரன் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவான். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது, குறைந்தால் தப்பியது. விழுந்த எண்ணை அவன் வாயால் சொல்லக் கேட்டு மற்றவர்கள் நம்ப வேண்டும். உயிர்ப்புள்ளி தீர்ந்தால் பாத்திரம் செத்தது. திரும்ப வர வழியே கிடையாது என்பது இந்த மேசையில் முதல் நாளே பேசி வைத்த விதி.

அக்காவின் பாத்திரம் கொக்கி: கயிறும் கொக்கியும் வீசி எந்தச் சுவரும் ஏறுகிற திருடி. பதினான்கு மாதமாக உயிரோடு இருக்கிறாள். அந்த உயிரைத்தான் அக்கா இப்போது பணயம் வைத்திருந்தாள், காரணத்தோடு.

அவள் பேரிங் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஓர் அளவுகருவி சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால் அதையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அளவு ஐயமறத் தெரிந்த ஒரு துண்டை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் துண்டுக்குக் கருவி வேறு ஏதாவது காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாலத்தின் நடுவில் மறைவில்லாமல் நடக்கிற, சாகக் கிடக்கிற கொக்கிதான் இன்றைக்கு அந்தத் துண்டு. அளக்கப்படுவது தம்பி.

“முதல் அம்பு” என்றான் தம்பி. தடுப்புக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. “ஏழு. காதோரமா போயிடுச்சு.”

“அப்படின்னா நிக்கறேன்.”

“நின்னு?”

“உட்காந்துக்கறேன். செருப்புல கல்லு மாட்டியிருக்கு, எடுக்கறேன்.”

மீசை சிரித்தான். “அக்கா, இது பாலமா பார்க்கா?”

தம்பி சிரிக்கவில்லை. பகடை உருண்டது. “நாலு. தப்பிடுச்சு.”

“இன்னொரு செருப்பையும் கழட்டறேன்.”

“அண்ணி, எந்திரிச்சு ஓடுங்க!” என்றாள் தம்பி மனைவி. “நான் இங்கேருந்து மருந்து எறிய முடியாது.” அவள் பாத்திரம் வைத்தியச்சி, இக்கரையில் இருந்தாள்.

மூன்றாவது முறை பகடை உருண்டது. தம்பி அதைப் பார்த்தபடியே இருந்தான். தேவைக்கு மேல் ஒரு மூச்சு நேரம் பார்த்தான். “திடீர்னு மழை பிடிச்சுக்குது. வில் நாண் நனைஞ்சு போச்சு. அவங்களால எய்ய முடியல.”

“டேய், இப்பதான் வெயில் மண்டையப் பொளக்குதுன்னே” என்றான் மீசை.

“மழைன்னா மழை.”

அக்கா பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள்.

“கொக்கி மேல விழுந்த அடி ஒவ்வொண்ணையும் எழுதி வச்சிருக்கேன். தொழில் புத்தி, போகாது. உயிர்ப்புள்ளி அஞ்சுக்கு மேல இருக்கறப்போ நாப்பது தடவ குறி வச்சாங்க, பத்தொன்பது பட்டுது. பாதிக்குப் பாதி, நியாயம். அஞ்சும் அதுக்குக் கீழயும் இருக்கறப்போ முப்பத்தோரு தடவ.” அவள் நிறுத்தினாள். “ஒண்ணுகூடப் படல. இன்னிக்கு ரெண்ட நான் அதுல சேக்கவே இல்ல.”

“அதிர்ஷ்டம்” என்றான் தம்பி.

“பதினோரு கோடியில ஒரு தடவ நடக்கற அதிர்ஷ்டம். போட்டுப் பாத்துட்டேன். மூணாவது அம்புக்கு என்னடா விழுந்துது?”

மாடிப்படியில் யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

“பத்தொன்பது” என்றான் தம்பி.

அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க இது? என்னோட முதல் வைத்தியச்சி ஓநாய் கடிச்சுச் செத்தாளே, அப்ப எங்க போச்சு இந்த மழை?”

“உனக்கு நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தலியே” என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்ததுபோல அவன் முகம் சுருங்கியது.

அக்காவுக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் தொடங்கிய ஆட்டம் இது. படுத்தே கிடந்தவளுக்குப் பொழுது போகட்டும் என்று அவன்தான் பகடை வாங்கி வந்தான்.

“ஐசியூ கண்ணாடிக்கு வெளிய நாலு நாள் நின்னேன்க்கா. ஒரு மண்ணும் செய்ய முடியல. இங்கயாவது உனக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்க முடிஞ்சுது. அது ஒரு தப்பா?”

“பாம்புக் குகையிலேருந்து தனியாத் தப்பிச்சு வந்தேனே. அது நானா, நீயா?”

அவன் பகடையை எடுத்து நகத்தால் சுரண்டினான்.

“அந்தக் கதைய கேன்டீன்ல எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? வீட்டுல பக்கெட்டத் தூக்காதே, படி ஏறாதே. கம்பெனியில உக்காந்தே பாக்கற வேலை. எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டினேன். ஏன்னா ஞாயித்துக்கிழமை ஆனா ஒருத்தி எதுலயும் குதிப்பா, தன் புத்தியால பிழைச்சு வருவா. அவ நான்தான்னு இருந்தேன்டா.” நோட்டைத் தம்பி பக்கம் தள்ளினாள். “கருவி தப்புன்னு தெரிஞ்சா கடைசியா சரிபாத்த நாள்லேருந்து அதுல அளந்த சரக்கு அத்தனைக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்ல முடியாது. என்னோட பதினாலு மாசத்துக்கும் ஒட்டிட்டே. தடுப்ப எடு. மழையையும் எடு.”

“செத்துருவேக்கா.”

“அம்புக்குப் பத்துல மூணு பங்கு சாவு. அதையும் போட்டுப் பாத்துட்டேன்.”

“இந்தக் கதைக்கே கொக்கிதான் சாவி. கோபுரம், ராஜா, முடிவு, எல்லாம் ஆறு பக்கம் எழுதி வச்சிருக்கேன். நீ போயிட்டா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

“அது உன் பாடு. எடுக்கறியா, நான் வீட்டுக்குப் போகட்டுமா?”

தம்பி தடுப்பை மடித்துத் தரையில் வைத்தான். அது இல்லாமல் அவன் சட்டையில்லாதவன்போல உட்கார்ந்திருந்தான். “மழை இல்ல. மூணாவது அம்பு பட்டாச்சு” என்றான். எவ்வளவு ஆழம் பாய்ந்தது என்பதை ஆறு முகப் பகடைதான் சொல்ல வேண்டும். மூன்றோ மேலோ விழுந்தால் கொக்கி இல்லை. அதை மேசை நடுவில், எல்லோர் கண்ணெதிரே உருட்டினான்.

இரண்டு.

மீசை அடக்கி வைத்த மூச்சை விட்டான். “ஒரு உயிர் இருக்குக்கா! ஒண்ணு!”

அப்போதுதான் அக்காவுக்குப் பயம் வந்தது. பதினான்கு மாதமாகப் பயந்ததாக நினைத்ததெல்லாம் வேறு என்று இப்போது தெரிந்தது. நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக்கென்று அவள் காதுக்கே கேட்டது. தம்பியின் கண் அவள் நெஞ்சுக்குப் போய், சட்டென்று மேசைக்குத் திரும்பியது.

முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி. எந்தப் பக்கம் ஓடினாலும் இன்னும் மூன்று அம்பு. இனி எது பட்டாலும் முடிந்தது.

“பாலத்துக்குக் கீழ என்ன?”

“ஆறு.”

“ஆழம்?”

அவன் எழுதி வைத்திருந்த ஆறு பக்கங்களையும் புரட்டினான். “எழுதல. நீ சுரங்கத்துல போவேன்னு நெனச்சேன்.”

எழுதாததைக் கதைக்காரன் அங்கேயே சொல்லி முடிக்கலாம். ‘நல்ல ஆழம்’ என்று இரண்டே சொல். அவன் வாய் திறந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மூடிக்கொண்டு இருபது முகப் பகடையை எடுத்தான். “எட்டும் அதுக்குக் கீழயும் விழுந்தா பாறை. மேல போனா ஆழம். போதுமா?”

அக்கா யோசித்தாள். “கோடைன்னு நீதான சொன்னே. ஆத்துல தண்ணி வத்தியிருக்கும். பாறைக்குப் பத்துன்னு வை.”

“அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா?”

“பத்துதான் சரி.”

“பத்து” என்றான் தம்பி. “குதிக்கறதா இருந்தா உருட்டறதுக்கு முன்னாடி சொல்லணும். அப்புறம் மாத்த முடியாது.”

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஓடலாம். கொக்கியை ஒரு பலகையில் மாட்டித் தொங்கலாம். ஆனால் தொங்குகிறவள் நல்ல குறி. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள்.

“குதிக்கறேன்.”

பகடை ஒரு டம்ளரில் மோதி, சுழன்று, அவள் பக்கமாக வந்து நின்றது.

ஒன்பது.

“முதல்ல எட்டுன்னுதான சொன்னே!” மீசை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். “எட்டுன்னா பிழைச்சுட்டாங்கடா! எட்டுன்னே வச்சுக்கோடா!”

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு தலையசைப்புக் கிடைத்தால் போதும், எட்டாக்கிவிடுவான். அவளுக்கும் அது தெரிந்தது. கொக்கி அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“பத்து” என்றாள்.

தம்பி பகடையைக் கையில் எடுத்தான். “பாறை.”

“பாதியில விடாதே. முழுசாச் சொல்லு.”

சொன்னான். காற்று கொக்கியின் தலைமயிரைத் தூக்கியதையும், கயிறு கையிலிருந்து நழுவி மெதுவாகப் பின்னால் விழுந்ததையும், மேலே வில்லாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதையும். ஓரிடத்தில் அவன் குரல் உடைந்தது. நிறுத்தாமல் சொல்லி முடித்தான். அக்கா கண்ணைத் துடைக்காமல் கடைசி வரை கேட்டாள். அவள் முகத்தில் இருந்த அழுகையை யாரும் சமாதானம் செய்யப் போகவில்லை.

“நான் ஆத்துல இறங்கி ஓடறேன்” என்றாள் தம்பி மனைவி திடீரென்று. “அவங்கள அப்படியே கல்லு மேல விட்டுட்டுப் போக முடியாது.”

“சுரங்கப்பாதை...” என்று தொடங்கிய தம்பி, எழுதி வைத்த ஆறு பக்கங்களையும் கவிழ்த்து வைத்தான். “எந்தப் பக்கமா இறங்கறே?”